பேணுவோர்க்கு உணவு



குழந்தை பிறந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது யாருடைய கடமை? காய்கறியை நறுக்கி, மசாலையை அளந்து, அட்டைப் பெட்டியில் அடைத்து ஒரு வியாபாரி அனுப்ப, அதனை விலைகொடுத்து வாங்கிச் சமைத்துண்பது இல்லறத்தார்க்குக் குறையாகுமா, ஆகாதா? சென்ற பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் நமது உபாசகர் உபாசிகைகளிடையே எழுந்த வினா இது. கேட்பதற்குச் சிறு வினாவாகத் தோன்றினும், ஆராயுங்கால் இல்லறம், தானம், உழைப்பு, சமத்துவம் ஆகிய நான்கையும் தொட்டு நிற்பதாகலின், இப்பத்திரிகை வாயிலாக அதனை எல்லோர் முன்னும் வைத்து விசாரிக்க விரும்புகிறோம்.

வினா பிறந்த விதம் இது. நமது சங்கத்தைச் சேர்ந்த இளந்தம்பதியர் இருவர் அம்பர்நாத்திலிருந்து நாள்தோறும் மின்ரயிலேறி மும்பை நகருக்குள் வேலைக்குச் சென்று மீள்பவர்கள். அவர்களுக்கு ஏழு மாதக் குழந்தை ஒன்று உண்டு. பெற்றோரும் மாமன் மாமியும் திருநெல்வேலிச் சீமையில் இருக்கின்றனர். பேறுகால விடுப்பு முடிந்து அப்பெண் வேலைக்குத் திரும்பிய மாதத்தில், வாரம் நான்கு நாட்களுக்கு 'மீல் கிட்' என்று வழங்கும் சமையல் பெட்டியை வரவழைத்துப் பார்த்தனர். இதனைக் கேள்வியுற்ற மூத்த உபாசிகை ஒருவர், "பெற்றவள் அரிந்து அரைத்து ஆக்காத சோறும் ஒரு சோறா மகளே?" என்றார். அப்பெண் தலைகவிழ்ந்தாள். கணவரோ, "அம்மா, இரவு எட்டரை மணிக்குக் காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு சேர்கிறவர்கள் எப்பொழுது அரிவது, எப்பொழுது அரைப்பது?" என்று கேட்டார். இருவர் சொல்லிலும் வருத்தம் இருந்தது. ஆகவே ஒருவரை மெச்சி மற்றவரை இகழாது, தம்மத்தின் வழிநின்று பொருளை நோக்குவோம்.

முதலாவது, இப்பெட்டி யாதென அறிதல் வேண்டும். ஓட்டலிலிருந்து வரும் சமைத்த உணவன்று இது. இருவர்க்கு ஒருவேளைக்குரிய காய் நறுக்கப்பட்டு ஓர் உறையிலும், மசாலைப் பொடி மற்றோர் உறையிலும், எண்ணெயும் புளிக்கரைசலும் சிறு சிறு பைகளிலும் வருகின்றன. எதனை முதலில் இடுவது, எத்தனை நிமிடம் வேகவைப்பது என்று அச்சிட்ட தாள் ஒன்றும் உடன் வருகிறது. அடுப்பு நம்முடையது, அளவும் நறுக்கலும் பிறருடையவை. இம்முறை சுவீடன் தேசத்தில் 2007-ஆம் ஆண்டு வாணிபமாகத் தொடங்கி, 2011-இல் ஜெர்மனியிலும், 2012-இல் அமெரிக்காவிலும் பெரிய நிறுவனங்களாக வளர்ந்தது. நமது தேசத்துப் பெருநகரங்களிலும் சிலர் இதனை நடத்தி வருகின்றனர். அளந்து வருவதால் பண்டம் வீணாவது குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறையாதலின் குப்பை மிகுதி. அத்தம்பதியர் கணக்குப் பார்த்ததில், அதே பண்டங்களைச் சந்தையில் வாங்கினால் ஆகும் செலவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆயிற்றாம். மிஞ்சியது நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம். குழந்தைக்குரிய கஞ்சியும் பருப்புச்சாதமும் எப்பொழுதும்போல் வீட்டிலேயே ஆயின.

இனி, பெற்றவள் அரிந்து அரைக்காத உணவு பழுதுடையதா என்பதை நோக்குவோம். பகவன் புத்தர் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர்தோறும் சென்று, பிறர் அடுப்பில் வெந்த உணவையே திருவோட்டில் ஏற்று உண்டார். சமைத்தவர் அரசரா, பணிப்பெண்ணா, கருமானா என்று அவர் பார்த்ததில்லை. கொடுப்பவர் நெஞ்சம் தூயதா என்பதே அங்கு நோக்கம். செயலின் உயிர் எண்ணத்திலிருக்கிறது என்பது நமது தம்மத்தின் அடிப்படை. கத்தரிக்காயை அரிந்த விரல் எவருடையது என்பதிலே அறம் குடியிருப்பதாகக் கொண்டால், தீண்டல் தீட்டு என்னும் பழைய வலையிலே மீண்டும் சென்று விழுந்தவர்களாவோம். அவ்வலையை அறுத்தெறியவன்றோ 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் இலட்சக்கணக்கான மக்களும் திரிசரணம் அடைந்தனர்?

மற்றுமொன்று காண்க. நமது மும்பை நகரத்தில் ஆலைத் தொழிலாளர் எவ்வாறு உண்டு வாழ்ந்தனர்? டப்பாவாலாக்கள் 1890-ஆம் ஆண்டு முதல் பிறர் வீட்டுச் சோற்றைச் சுமந்து வருகின்றனர். வீடும் மனைவியும் ஊரிலிருக்க, தனியே வந்து பிழைத்த ஆயிரமாயிரம் ஆலைத் தொழிலாளர்க்குக் 'கானாவள்' எனப்படும் வீட்டு உணவுச்சாலைகளே சோறிட்டன. லால்பாக், பரேல் பகுதிகளில் ஒற்றை அறையிலே வாழ்ந்த பெண்கள் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டிக் குழம்பு வைத்தனர். ஆலைச் சங்கு ஊதிய பின் அவ்வறைகளில் வரிசையாக உட்கார்ந்து உண்டவர்களில் நாமும் ஒருவராயிருந்தோம். மளிகைக் கடனிலும் வட்டியிலும் மூழ்கிக்கிடந்த அப்பெண்களை ஒன்றுசேர்த்து, வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்து, 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்னும் அமைப்பைத் தொடங்கினார் பிரேமா புரவ் அம்மையார். 1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்தால் ஆலைகள் நின்றபோது, அவற்றை நம்பியிருந்த இவ்வடுப்புகளும் வாடின.

அக்காலத்தில் எவரேனும் ஓர் ஆலைத் தொழிலாளியை நோக்கி, "நீ உன் கையால் அரைத்து ஆக்காத சோற்றை உண்கிறாயே, இது தகுமா?" என்று கேட்டதுண்டா? இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்து திரும்பும் ஆடவன் பிறர் ஆக்கியதை விலைகொடுத்து உண்டால் அது பிழைப்பு எனப்பட்டது. அதே பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்து திரும்பும் பெண், பிறர் நறுக்கியதை விலைகொடுத்து வாங்கித் தானே சமைத்தாலும் அது குறை எனப்படுகிறது. இவ்விரண்டு தராசுகளும் எங்கிருந்து வந்தன? தம்மத்திலிருந்து வரவில்லை. பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி வகுத்த நூல்களிலிருந்து வந்தவை. நாம் வீட்டு வாசலில் விட்டொழித்த அந்நூல்கள் அடுக்களைப் புறக்கடை வழியாக உள்ளே நுழைந்துவிடாமல் காப்பது நம் கடமையாகும்.

நிற்க. பேணுகின்றவர்க்கு உணவளிப்பது பற்றி நமது சாத்திரத்தில் யாதேனும் உண்டோவெனின், உண்டு. சாவத்தி நகரத்து மகா உபாசிகையாகிய விசாகை பகவனிடம் எட்டு வரங்கள் வேண்டிப் பெற்ற வரலாறு விநய பிடகத்தில் காணப்படுகிறது. வரும் பிக்குகளுக்கு உணவு, செல்லும் பிக்குகளுக்கு உணவு, நோயுற்றோர்க்கு உணவு என்று கேட்டுவந்த அவ்வம்மையார், நோயாளியைப் பேணுபவர்க்கும் தாம் வாழ்நாளெல்லாம் உணவளிக்க அனுமதி வேண்டினார். காரணம் யாதென்று பகவன் வினவ, பேணுபவர் தமக்குரிய உணவைத் தேடித் திரிவாராயின் நோயாளிக்கு உணவு கொணரக் காலந்தாழும், நோயாளி பட்டினி கிடப்பார் என்று விளக்கினார். பகவன் அதனை ஏற்றருளினார்.

இதன் நுட்பத்தைச் சிந்தியுங்கள். நோயாளிக்குச் சோறிட வேண்டுமென்பதை எவரும் அறிவர். அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வயிறு உண்டென்பதைக் கண்டவர் விசாகையே. கைக்குழந்தையுள்ள வீடும் இத்தகையதன்றோ? குழந்தை பிறந்தவுடன் காண வருவோர் அனைவரும் குழந்தையைப் பார்க்கின்றனர். சட்டையும் கிலுகிலுப்பையும் கொணர்கின்றனர். இரவு மூன்றுமுறை விழித்தெழுந்து பாலூட்டியவள் காலையில் என்ன உண்டாள் என்று கேட்பவர் எத்தனை பேர்? பேணுபவள் உடல் தளர்ந்தால் பேணப்படும் சிசுவும் தளரும். ஆகவே, தாய் தந்தையர் வேளைக்கு உண்பதற்கு உதவும் ஏற்பாடு எதுவாயினும் அதனைச் சோம்பல் என்று தள்ளுவது அறியாமை என்போம்.

பசித்தவனுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை என்பதைப் பகவனே காட்டினார். ஆளவி நகரில், காணாமற்போன மாட்டைத் தேடி அலைந்து களைத்து வந்த ஏழை உழவன் ஒருவனுக்காக அவர் தம்மப் பேருரையைத் தொடங்காது காத்திருந்து, அவனுக்கு முதலில் உணவிடச் செய்த பின்னரே உரையாற்றினார் எனத் தம்மபத உரை கூறும். அவ்வாறிருக்க, பசியோடும் உறக்கமின்மையோடும் வாடும் ஓர் இளந்தாய்க்கு நாம் சோறிடாமல் உபதேசம் மட்டும் இடுவது எவ்வாறு பொருந்தும்?

இனி அப்பெட்டியினால் விளைந்த எதிர்பாராத நன்மை ஒன்றைக் கூறுவோம். அது வரத்தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கணவரே அடுப்பின் முன் நின்றாராம். "எனக்குச் சமைக்கத் தெரியாது" என்னும் சொல் ஆடவர் உலகில் தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியாகும் நாணயம். அளந்த பண்டமும், படிப்படியாய் எழுதிய தாளும் முன்னால் இருக்கையில் அந்நாணயம் செல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனும் ஒரு குழம்பு வைக்கலாம் என்பது வெளிப்பட்டது. நூறு நூலிழைகளில் அறுந்த ஓரிழையைக் கண்டு நொடியில் முடிச்சிடக் கற்ற ஆலைத் தொழிலாளிக்கு, கடுகு வெடிக்கும் பதம் அறிவது எட்டாத வித்தையா? சமத்துவத்தை நம்புவதாகவும் அதனை நிலைநாட்ட முயல்வதாகவும் நாம் உறுதிமொழி ஏற்றவர்கள். அவ்வுறுதிமொழி கூட்ட மேடையோடு நின்றுவிடாமல் அடுக்களை வரையில் வரட்டும். பெட்டி நின்ற பின்னும் அவர் வாரத்தில் மூன்று நாள் சமைத்து வருகிறார் எனக் கேட்டு மகிழ்ந்தோம்.

இவ்வளவும் கூறியதால் நாம் அவ்வியாபாரத்தின் தரகராயினோம் என எண்ணற்க. அதன் குறைகளையும் நோக்குவோம்.

ஒன்று, பொருள். சிங்காலோவாத சூத்திரத்தில் பகவன் இல்லறத்தானுடைய வருவாயை நான்கு பங்காக்கி, ஒரு பங்கைத் துய்த்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காம் பங்கை ஆபத்துக்கென வைக்குமாறு கூறுகிறார். கைக்குழந்தையுள்ள வீட்டில் ஆபத்து நள்ளிரவில் காய்ச்சல் வடிவில் வரும். பெட்டிக்கான செலவு துய்க்கும் பங்கிலிருந்து வரின் ஏற்கலாம்; நான்காம் பங்கைத் தின்னுமாயின் நிறுத்துக. அத்தம்பதியர் ஒரு மாதத்தின் பின் நிறுத்தியது இக்கணக்கினாலேதான்.

இரண்டு, பெட்டி அளவை அறியும், ஆளை அறியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும், பூண்டுக் குழம்பும், முருங்கைக் கீரையும் வேண்டுமென்பது நமது மூதாட்டியர் அறிந்தது. பாலூட்டுபவளுக்கும் பரீட்சைக்குப் படிப்பவனுக்கும் ஒரே உறை மசாலையை அனுப்புவது பெட்டி. உண்ண மனமில்லாத நாளில், "ஒரு வாய் உண் மகளே" என்று சொல்ல அதற்கு வாயில்லை. பிள்ளையைச் சற்று வாங்கிக்கொண்டு அவளை உறங்கச் சொல்ல அதற்குக் கையுமில்லை.

மூன்றாவதே பெரிது. பெட்டி உழைப்பை ஒழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாற்றுகிறது. நமக்கு மிஞ்சிய முக்கால் மணி நேரம் வானத்திலிருந்து பொழிந்ததன்று. எங்கோ ஒரு கொட்டகையில் நின்றபடியே வெங்காயம் உரிக்கும் பெண்ணிடமிருந்தும், மழையிலும் வெயிலிலும் இருசக்கர வண்டியில் விரையும் இளைஞனிடமிருந்தும் வந்தது அது. அப்பெண்ணுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். அவ்விளைஞன் ஆயிரம் பேர்க்கு உணவு சுமந்து தன் மதிய உணவைத் தவறவிட்டிருக்கலாம். நாடு இவர்களை மிகத் தாமதமாகவே கண்டது. 2020-ஆம் ஆண்டு இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே இவ்வகைத் தொழிலாளரைப் பெயரிட்டுக் குறித்தது. 2023-இல் இராஜஸ்தான் அரசு அவர்களுக்கெனத் தனிச் சட்டம் செய்தது. சட்டம் எழுத்தில் இருக்கிறது. கஞ்சி கலயத்திற்கு வந்ததா என்று கேட்பது தொழிலாளர் வழிவந்த நமக்கு உரிய வேலை. சிங்காலோவாத சூத்திரம் வேலை கொள்வோனுக்கு ஐந்து கடமைகள் வகுக்கிறது. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயிற் பேணுதல், நல்ல பண்டத்தைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுத்தல் என்பன அவை. இக்கடமைகள் கொட்டகைச் சொந்தக்காரனுக்கு மட்டுமல்ல. அவன் வாயிலாக வேலை கொள்ளும் நமக்கும் ஓரளவு உரியன.

இன்னொன்றையும் மறவற்க. உணவைச் சுமந்து வருபவனைத் தீட்டுடையவனாக நோக்கும் பழைய நோய் இப்புதிய வாணிபத்திலும் தலைகாட்டுகிறது. உயர்ந்த அடுக்குமாடிகள் சிலவற்றில் குடியிருப்போர் ஏறும் மின்தூக்கியில் அவன் ஏறலாகாது என்று பலகை தொங்குகிறது. 2024 மார்ச் மாதத்தில், பெயர்பெற்ற உணவு விநியோக நிறுவனம் ஒன்று, சைவ உணவை மட்டும் சுமப்போர்க்குப் பச்சை உடையுடன் தனிக் கூட்டம் அமைப்பதாக அறிவித்து, கண்டனம் எழுந்தவுடன் உடை வேறுபாட்டைக் கைவிட்டது. 1927 மார்ச் 20-ஆம் நாள் மஹாடில் ஒரு குளத்து நீரைத் தொடுவதற்கு நம் மக்கள் அணிவகுக்க வேண்டியிருந்தது. அந்த அணிவகுப்பின் வழிவந்தோர் வீட்டுக் கதவைத் தட்டும் விநியோக ஊழியனுக்கு, கேளாமலே ஒரு குவளை நீர் கிடைக்க வேண்டும்.

இச்சுமையெல்லாம் ஒரு வீட்டின் தலையிலேயே இருக்க வேண்டுமா என்றால், வேண்டா என்றே டாக்டர் அம்பேத்கர் அவர்கள் கூறினார். 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசுகையில், பேற்றின் முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனே என்றும், அதன் செலவில் அரசும் பங்கேற்கத்தக்கது என்றும் அவர் வாதித்தார். 1929-இல் பம்பாய் மாகாணத்தில் அச்சட்டம் பிறந்தது. ஆலைப் பெண்களுக்காகத் தொடங்கிய அவ்வழியிலேதான் 2017-இல் பேறுகால விடுப்பு இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்பதும் விதியாயிற்று. வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கோ இருபத்தாறு நாள் விடுப்பும் அரிதாயிருக்கிறது. பெட்டியா அம்மியா என்று வாதிடுவோர் இதனையும் எண்ணுக.

ஆகவே நமது முடிபு இது. சமையல் பெட்டியை வாங்குவது பாவமுமன்று, புண்ணியமுமன்று. அதனால் மிஞ்சும் நேரம் உறக்கமாகவும், குழந்தையோடு இருத்தலாகவும் ஆகுமாயின் நன்று. இன்னும் சற்று நேரம் கைப்பேசியைப் பார்ப்பதற்கே ஆகுமாயின் வாங்கியும் பயனில்லை. வாங்குவோர் அதனை ஆக்கியவர்களையும் சுமந்தவர்களையும் நினைவிற்கொள்க. வாங்கியவளைக் கடிந்துரைக்க எவர்க்கும் உரிமையில்லை.

அம்மூத்த உபாசிகையின் சொல்லிலும் ஓர் உண்மை புதைந்திருக்கிறது. முற்காலத்தில் நமது குடியிருப்புகளில் பிள்ளை பெற்ற வீட்டு அடுப்பு அணைந்திருந்தாலும் பானை காலியாயிருந்ததில்லை. எதிர்வீட்டார் குழம்பும், பக்கத்துவீட்டார் இரசமும், அடுத்த தெருவார் கீரையும் கொணர்ந்தனர். அப்பெண் தனியே அரைத்து ஆக்கியதில்லை, தெருவே ஆக்கிற்று. நாம் அதனை மறந்து தத்தம் கதவைச் சாத்திக்கொண்டோம். அவ்வாறு காலியான இடத்திலேதான் வியாபாரி தன் பெட்டியை வைத்தான். அவனை நோவதிற் பயனென்ன? ஆதிரை நல்லாள் மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சை இட்ட பின்னரே அது எடுக்க எடுக்கக் குறையாததாயிற்று என்பது நமது காப்பியம் கூறும் கதை. முதற் பிடியை ஒருவர் இடவேண்டும்.

எனவே நமது சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். எந்த உபாசகர் வீட்டில் குழந்தை பிறப்பினும், முதல் மூன்று மாதம் வாரத்தில் மூன்று மாலை அவ்வீட்டிற்கு ஒரு தூக்குச் சட்டி செல்லுமாறு முறை வகுத்துக்கொள்வோம். தாய் வேலைக்குத் திரும்பும் முதல் மாதத்தில் மீண்டும் அவ்வாறே செய்வோம், அம்மாதமே கடினமானது. முறைப்பட்டியலில் ஆடவர் பெயரும் இருக்கட்டும். தம் முறையன்று தாமே சமைக்கட்டும். கொண்டு செல்பவர் வாசலிலே நின்று சட்டியைக் கொடுத்து, அரைமணி நேரம் பிள்ளையை ஏந்தியிருந்து திரும்புக. அறிவுரை கூறற்க. அம்பர்நாத், கல்யாண், தாராவி, சயான் கோலிவாடா ஆகிய இடங்களில் உள்ளோர் தத்தம் வட்டாரத்திற்குப் பட்டியல் எழுதி அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குக் கொணர்வாராக. முதற்பெயராக நமது பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.

எல்லா உயிரும் பசி நீங்கி இன்புறுக!

நமோ புத்தாய! ஜெய்பீம்!